விளக்கைத் தன் பக்கம் திருப்பியவர்

நாமக்கல்லில் அந்தத் தோல் டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தபோது, துப்பட்டாவைக் கண்வரை சுற்றியிருந்தேன். காலேஜ் முடித்து வேலைக்குப் போன பிறகும் விடாத பருக்கள். முட்டை ஊர் என்பதால் வெள்ளைக்கருவும் பூசிப் பார்த்தாயிற்று. எந்த க்ரீம் வாங்கினாலும் நாலு நாளில் பொறுமை போய் அடுத்ததற்குத் தாவிவிடுவேன்.

டாக்டரம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். என்னை எதுவும் கேட்கவில்லை. மேஜை விளக்கின் கழுத்தைப் பிடித்துத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பினார். துருப்பிடித்த கழுத்து கிறீச்சிட்டது. வெளிச்சத்தில் அந்த அம்மாவின் இரண்டு கன்னங்களும் குழி குழியாகத் தெரிந்தன.

"நல்லாப் பாத்துக்குங்க சாமி. வைத்தியம் பாக்காம, கிள்ளிக் கிள்ளி நானே பண்ணிக்கிட்டது."

மெல்லக் கேட்டேன்: "வர்றவங்க எல்லாருக்குமா காட்டுறீங்க? கூச்சமா இருக்காதுங்களா?"

"இருக்குதுங்க. இன்னிக்கும் இருக்குது. நான் காட்டாம நீங்க துப்பட்டாவ எடுப்பீங்களா?"

எடுத்தேன்.

மருந்து எழுதிக்கொடுத்து, "மொதல்ல கொஞ்சம் அதிகமாகும். பயந்துட்டு நிறுத்திப்போடாதீங்க" என்றார். அதிகமானது. அழுதேன், ஆனால் நிறுத்தவில்லை. சில மாதங்களில் முகம் தெளிந்தது.

கடைசியாகக் காட்டிவிட்டு வெளியே வந்தபோது, முகத்தை மூடிய ஒரு பெண் உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே விளக்கின் கழுத்து கிறீச்சிட்டது. செருப்பு மாட்டப் போன நான் அப்படியே நின்றுவிட்டேன்.