பதினான்காவது நிமிடத்துப் புல்லாங்குழல்

போன மாதம் எனக்கு ஒரு போஸ்ட் கார்டு வந்தது. சோமனூரிலிருந்து. குண்டு குண்டான கையெழுத்து.

‘ஐயா, தங்கள் கட்டுரைத் தலைப்பைக் கண்டேன். ஸ்வீடன் நாடா எங்கு கிடைக்கும்? எங்கள் தறிக்குப் பொருந்துமா? சீக்கிரம் தேய்ந்துவிடுமா? ஒரு டஜன் தேவைப்படுகிறது. இப்படிக்கு, துரைசாமி, விசைத்தறி.’

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நான் எப்போது நாடாவைப் பற்றி எழுதினேன்? பழைய இதழைத் தேடி எடுத்தேன். இதே பக்கம்தான். ப்ராக்ரஸிவ் ராக் இசையில் இன்றைக்கு எந்த நாடு முன்னணியில் நிற்கிறது என்று மாய்ந்து மாய்ந்து எழுதியிருந்தேன். தலைப்பு — ‘ஸ்வீடன் நாடா? இத்தாலி நாடா?’

புரிகிறதா? தறியில் ஊடை நூலைச் சுமந்துகொண்டு இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் பறக்கிறதே ஒரு மரக்கட்டை... அதற்குப் பெயர் நாடா. சோமனூரில் கண் விழித்தால் அதன் சத்தம், கண்ணை மூடினாலும் அதன் சத்தம். அந்த ஊர்க்காரர் என் தலைப்பை வேறு எப்படிப் படிப்பார்?

சிரித்தேன். வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டி, ஆபீஸுக்குக் கொண்டுபோய் அங்கேயும் படித்துக் காட்டிச் சிரித்தேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

இந்தப் பக்கத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. பிழைப்புக்கு நான் மில் மெஷின்களுக்கு உதிரிபாகம் விற்கிறவன். கோயமுத்தூர் மில்களில் வெளிநாட்டு மெஷின் வந்து இறங்கினால், அதைப் பூட்டிக் கொடுக்க அந்த நாட்டு ஆளும் கூடவே வந்து இறங்குவார். அவரை கெஸ்ட் ஹவுஸில் தங்க வைத்து, இட்லி பழக்கி, மருதமலைக்குக் கூட்டிப்போய் வருவது என் தலையில் விழும். ஊருக்குக் கிளம்பும்போது அவர்கள் எனக்குக் கேசட் கொடுத்துவிட்டுப் போவார்கள். இப்படித்தான் என் அலமாரி நிறைந்தது. இப்படித்தான் இந்தப் பைத்தியமும் பிடித்தது.

அதென்ன ப்ராக்ரஸிவ் ராக்? ஒரு பாட்டு இருபது நிமிடம் ஓடும். நாலு நாலாக எண்ணாமல் ஏழு, ஒன்பது, பதினொன்று என்று தாளம் போடும். நம் மிஸ்ர சாபுவுக்கு கிடாரைக் கையில் கொடுத்த மாதிரி. எழுபதுகளில் இங்கிலாந்து ஆரம்பித்து வைத்தது. இன்றைக்கு இங்கிலாந்து பழைய பெருமையைத் துடைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அமெரிக்கா ஆக்ஸிலரேட்டரை மிதித்துவிட்டது. இத்தாலி உருகுகிறது. ஜப்பான் இழைத்து இழைத்து வாசிக்கிறது. ஜெர்மனி போட்ட போல்ட் அசையாது. ஆனால் ஸ்வீடன்... அது வேறு.

என்னிடம் உள்ள ஸ்வீடன் கேசட் ஒன்றை நீங்கள் ஆனி மாதத்தில் கேட்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வந்து ஜன்னல் திரைகளைத் தூக்கித் தூக்கிப் போடுகிற மத்தியானம். வெயிலுக்கு வெளிச்சம் இருக்கும், சூடு இருக்காது. பழைய ஆர்கன் ஒன்று மூச்சு விட ஆரம்பிக்கும். அதன் அடியில் பேஸ் கிடார் மெல்ல நடந்து வரும். பதினாலு நிமிடம் இப்படியே போய், எல்லாம் அடங்கின ஓர் இடத்தில், ஒற்றைப் புல்லாங்குழல். நான் அப்போது எந்த ஊரில் இருக்கிறேன் என்று எனக்கே தெரியாது.

சரி, கதைக்கு வருகிறேன். துரைசாமிக்குப் பதில் எழுதினேன். ‘அது நாடா அல்ல, நாடு. இருந்தாலும் நீங்கள் கேட்டதற்காக ஸ்வீடன் சரக்கு ஒன்று அனுப்புகிறேன். பதினாலாவது நிமிடத்தில் புல்லாங்குழல் வரும், தவறவிட வேண்டாம்’ என்று நக்கலாக ஒரு வரி சேர்த்து, கேசட்டைப் பிரதி எடுத்து பார்சலில் போட்டேன். அத்தோடு மறந்தும் போனேன்.

அடுத்த சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை. காலையில் வாசலில் ஓர் ஆள். ஐம்பது வயது இருக்கும். வெள்ளை வேட்டி, கையில் மஞ்சள் பை. பையில் ஒரு பீஸ் காடாத் துணி, எனக்குக் கொடுக்க.

“துரைசாமிங்க. சோமனூருங்க. நாடா கேட்டு எழுதியிருந்தனுங்களே.”

எனக்கு அசடு வழிந்தது. உட்கார வைத்துக் காபி கொடுத்தேன். சொந்தமாக எட்டுத் தறி வைத்திருக்கிறார். அவரும் மனைவியும் கூலி ஆட்களோடு கூட நின்று ஓட்டுகிறார்கள்.

“அந்தக் கேசட்டைப் போட்டு உட்டுப்போட்டு ஊட்டுல உக்காந்திருந்தனுங்க. அஞ்சு நிமிசம் போயிருக்கும். திடீர்னு அடி ஒண்ணு கொறையுதுங்க. எட்டு அடிக்க வேண்டிய எடத்துல ஏழு அடிக்குது. செருப்புக்கூடப் போடாம தறிக்குடோனுக்கு ஓடுனனுங்க. எட்டுத் தறியையும் நிறுத்திப்போட்டேன். எந்தத் தறிலயும் கோளாறு இல்லீங்க. ஊட்டுக்கு வந்தா... கேசட்டுதான் அப்படி அடிக்குது.”

எத்தனையோ பேர் எத்தனையோ விமர்சனம் எழுதியிருக்கிறார்கள். ஏழு தாளத்தைக் கேட்டுத் தறியை நிறுத்தின ரசிகரை நான் பார்த்ததில்லை.

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. எழுந்துபோய் அலமாரியைப் பார்த்தபடி பிரசங்கத்தை ஆரம்பித்துவிட்டேன். இத்தாலி ஏன் இரண்டாம் இடம், இங்கிலாந்து எங்கே கோட்டை விட்டது, நார்வே எப்படிப் பின்னாலேயே வருகிறது... நான் நிறுத்துகிற இடத்தில் எல்லாம் பின்னால் இருந்து “ஆமாங்க... ஆமாங்க” என்று வந்துகொண்டிருந்தது. நல்ல ரசிகர் என்று நினைத்துக்கொண்டேன். “உங்களுக்கு எது பிடிக்கும்?” என்று கேட்டேன். “ஆமாங்க” என்றார்.

திரும்பிப் பார்த்தேன். அவர் என் முதுகையே கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்தப் புல்லாங்குழல் எந்தப் பக்கமுங்க?” என்றார். “நாலஞ்சு தடவ போட்டுப் பாத்தனுங்க. பதினாலு நிமிசம் வாட்ச்சை வெச்சுப் பாத்தேன். வரலீங்க. டேப்பு கீப்பு தேஞ்சுபோச்சுங்களா?”

என்னுடைய கேசட்டைப் போட்டேன். இருவரும் காத்திருந்தோம். ஆர்கன் அடங்கியது. புல்லாங்குழல் வந்தது. என் சின்ன ஹால் முழுக்க அது ஒன்றுதான் இருந்தது. துரைசாமி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வந்துருச்சுங்களா?”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. தறிக்குடோனுக்குள் யாரும் காதால் பேசிக்கொள்வதில்லை. அந்தச் சத்தத்தில் உதட்டைப் பார்ப்பார்கள், கையைப் பார்ப்பார்கள். அந்தப் பழக்கத்தில், எதிரே முகம் இருக்கும் வரை, இவருக்குக் காது மந்தம் என்று யாருக்கும் தெரியாது. முப்பது வருடம் தறி அடித்த அடியில் மேல் ஸ்தாயி முழுக்கப் போய்விட்டிருந்தது.

“மொதல்ல குருவி போச்சுங்க. அப்புறம் குக்கர் விசில். இப்ப ஊட்டுக்காரி ‘ஏனுங்க’ன்னு கூப்பிட்டாக்கூடத் திரும்பறதில்லைங்க. அதுக்கு மட்டுந்தான் கொஞ்சம் வருத்தம்” என்றார். டாக்டர் இனி சத்தத்துப் பக்கமே போகாதே என்று சொல்லிவிட்டாராம். போகாமல் எட்டுத் தறியை என்ன செய்வது? பஞ்சை அடைத்துக்கொண்டு நிற்கிறார். மீதி இருப்பதும் மெல்லப் போய்விடும் என்கிறார்கள்.

“அதுக்குத்தானுங்க நேர்லயே வந்தது. பத்துக் கேசட்டு அரைகொறையாக் கேட்டு என்ன பண்றது? ஒண்ணே ஒண்ணு போதும். இருக்கற காதுல அதைத் திரும்பத் திரும்பக் கேட்டு மனப்பாடம் பண்ணிப்போட்டா, அப்பறம் காது இல்லாட்டியும் உள்ளுக்குள்ள ஓடுமில்லீங்களா? நீங்க படிச்சவரு. எந்த நாடு நெசமாவே முன்னால நிக்குது, சொல்லுங்க.”

வாராவாரம் ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் போடுகிறவன் நான். அந்த நம்பரை நம்பி ஒருவர் தன் மீதிக் காதைக் கொண்டுவந்து என் மேஜையில் வைக்கிறார். என்ன சொல்ல? அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே சோமனூர் வருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

அந்த வாரம் முழுக்க அலமாரியைக் காலி செய்தேன். டேப் ரிக்கார்டரில் ட்ரெபிள் திருகை அடியோடு குறைத்துவிட்டு, ஒவ்வொரு நாடாக... ஆமாம், ஒவ்வொரு நாடாகக் கேட்டேன். துரைசாமியின் காதால் கேட்பதாக எண்ணம். என் பட்டியலே தலைகீழாகிவிட்டது. இத்தாலியின் உருக்கம் எல்லாம் உச்சியில் இருந்திருக்கிறது, காணோம். ஜப்பானின் மணிகள் போயின. அமெரிக்க கிடார் பக்கத்து வீட்டில் மாவாட்டுகிற மாதிரி கேட்டது. ஸ்வீடனில் புல்லாங்குழல் இருந்த இடம் வெறும் பள்ளம். ஜெர்மனி மட்டும் நின்றது. பேஸும் ட்ரம்மும் போட்டது போட்டபடி. எத்தனை ஆண்டுகளாக அதற்கு ஐந்தாம் இடம் கொடுத்து வந்தேன்? மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுவிட்டு, ஜெர்மனியைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஞாயிற்றுக்கிழமை தறி ஓடாது. சோமனூருக்கே அன்றைக்குக் காது அடைத்த மாதிரி இருந்தது. துரைசாமியின் வீட்டு முன்னறையில் டேப் ரிக்கார்டர், அதற்கு இணைத்த ஒரு பெரிய ஸ்பீக்கர் பெட்டி. அவர் மனைவி ருக்குமணி கீழே உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். “வாங்க, வாங்க. காத்தால இருந்து ரோட்டையே பாத்துட்டு இருக்கறாரு” என்றார்.

ஜெர்மனியைப் போட்டேன். துரைசாமி ஸ்பீக்கர் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கேட்டார். ஒரு குறையும் இல்லை. எல்லாம் அவருக்குக் கேட்கிறது என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. முடிந்ததும், “நெம்ப நல்லாருக்குதுங்க” என்றார். கொங்கு நாட்டில் பிறந்தவனுக்கு அந்த மரியாதையின் அர்த்தம் தெரியாதா? கல்யாண வீட்டில் உப்பில்லாத ரசத்தையும் இப்படித்தான் சொல்லுவோம்.

ருக்குமணி தலையை நிமிர்த்தாமலே என்னிடம் சொன்னார். “அதை எடுத்துப்போட்டு நம்ம கேசட்டை அவரைப் போடச் சொல்லுங்க.”

ஸ்வீடன் ஓட ஆரம்பித்தது. வெளியே அதே ஆனிக் காற்று. கொடியில் காய்ந்த வேட்டி ஊதிப் பெருத்து அடங்கியது. ஆர்கன் மூச்சு விட்டது. துரைசாமியின் கை ஸ்பீக்கர் மேலேயே இருந்தது. கண் மட்டும் மனைவியின் மேல். அவர் அவரைக்காயை நறுக்குவதும் தட்டில் தள்ளுவதுமாக இருந்தார். எனக்கு நனவா கனவா என்று தெரியாத ஒரு நிலை.

பதினாலாவது நிமிடம். எல்லாம் அடங்கியது.

அந்த அம்மா கத்தியைக் கீழே வைத்தார். வலது கையைத் தூக்கினார். தறிக்குடோனில் நூல் அறுந்துபோச்சு, தறியை நிறுத்து என்று சொல்லக் கையைத் தூக்குவார்களே, அந்த உயரத்துக்கு. அங்கிருந்து அவர் விரல்கள் மெல்ல மேலே ஏறின. நின்றன. நடுங்கின. வளைந்து கீழே இறங்கின. புல்லாங்குழல் போகிற இடமெல்லாம் போயின. எங்கே மூச்சு எடுக்க அது ஒரு கணம் நிற்குமோ, அங்கே சரியாக நின்றன. நான் நூறு தடவை கேட்டிருக்கிறேன். அந்த இடைவெளி எனக்குத் தெரியாது.

துரைசாமி அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “வந்துருச்சுங்க.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்க என்ன இருக்கிறது?

பாட்டு முடிந்ததும் ருக்குமணியிடம் கேட்டேன். “உங்களுக்கு இது அவ்வளவு பிடிச்சுப் போச்சுங்களா?”

“எனக்கு இந்தக் கருமம் ஒண்ணும் புரியறதில்லைங்க. தலைவலிதான் வருது” என்றார், கத்தியை எடுத்துக்கொண்டே. “என்ன பண்றது, அந்த எடத்துல அவருக்கு ஒரு ஆளு வேணுமில்லீங்களா? ஒரு வாரமாத் திருப்பித் திருப்பிப் போட்டுக் கத்துக்கிட்டேன்.”

துரைசாமி ஜெர்மனிக் கேசட்டை உறையில் போட்டு, தூசி துடைத்து, இரண்டு கையாலும் என்னிடம் திருப்பிக் கொடுத்தார். “தப்பா நெனைச்சுக்காதீங்க. நான் இதையே மனப்பாடம் பண்ணிக்கறனுங்க. அடிச் சத்தம் எனக்கு. மேல்சத்தம் அம்மணிக்கு.”

பஸ் ஸ்டாப் வரை வந்து ஏற்றிவிட்டார். ஏறும்போது மஞ்சள் பையிலிருந்து எதையோ எடுத்துக் கையில் திணித்தார். நுனியில் இரும்பு வைத்த, வழுவழுவென்று தேய்ந்த மரக்கட்டை. “ஸ்வீடன் நாடா ஒரு டஜன் கேட்டேன், நீங்க தரலை. சோமனூர் நாடா ஒண்ணு நான் தாரேன், வெச்சுக்குங்க” என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை. என் நக்கலுக்குப் பதில் அவ்வளவு நாள் அவர் பையில் காத்திருந்திருக்கிறது.

ஆக, ப்ராக்ரஸிவ் ராக்கில் இன்றைக்கு எந்த நாடு முன்னணி என்று கேட்டு இனி எனக்குக் கடிதம் போட வேண்டாம். என் அலமாரியில் முதல் வரிசையில் முதலாவதாக இருப்பது — நாடா.