சிமியோனின் வாயிலிருந்த றீட்

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு குருநகரில் சண்டைநிறுத்தம் அமுலில் இருந்த வீடு ஒன்றே ஒன்றுதான். அது சிமியோனுடையது. காரணம், அவர் வாய்க்குள் ஒரு றீட் ஊறிக்கொண்டிருந்தது.

நாதஸ்வரத்துக்குச் சீவாளி எப்படியோ, கிளாரினெற்றுக்கு றீட் அப்படி. மெல்லிய நாணல் தகடு. யாழ்ப்பாணத்துக்குச் சவர்க்காரமும் பற்றறியும் வரத் தடை போட்ட அரசாங்கத்துக்கு இப்படியொரு சாமான் இருப்பதே தெரியாது. ஆனாலும் அது வரவில்லை. தடைக்குத் தப்பிக் கிளாலிக் கடலால் வந்த மைத்துனர் சட்டைப்பையில் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். கோயில் பெருநாள் அன்று ஊர்வலத்தில் புனிதரின் சுரூபத்துக்கு முன்னால் பாண்ட் வாத்தியக் குழுவை நடத்திப்போவது சிமியோனின் கிளாரினெற். அது ஊமையானால் அந்த இடம் அதே குழுவில் ஊதும் கிறகோரியின் ட்றம்பெற்றுக்குப் போய்விடும்.

புது றீட்டை எடுத்த எடுப்பில் முழுமூச்சாக ஊதினால் பழுதாகிவிடும். எச்சிலில் ஊறவைத்து, இன்றைக்குக் கொஞ்சம், நாளைக்கு இன்னும் கொஞ்சம் என்று பழக்கவேண்டும்.

"அவசரப்படாதேங்கோ, ஆறுதலா ஊறட்டும்," என்றாள் மனைவி யசிந்தா. "வீடு மோட்சம் மாதிரிக் கிடக்கு."

"என்ன அண்ணை, றீட்டைப் பழக்கிறியளோ, நாய்க்குட்டியைப் பழக்கிறியளோ?" என்று படலையில் நின்று கேட்டான் கிறகோரி. சிமியோனின் வாயில் றீட் இருந்தபடியால் தப்பினான்.

பெருநாளன்று மத்தியானம் றீட் விறைத்துப்போய் வெறுங்காற்றுத்தான் வந்தது. சிமியோன் கண்ணாடித் துண்டால் சுரண்டி, கணவாய் ஓட்டால் தேய்த்தார். நாதம் இனித்தது. பின்னேரம், பகல் முழுக்க அடித்த சோளகக் காற்று ஓய, கடல் ஈரம் ஏறியது. கோயில் முற்றத்தில் ஊதினால், ஆட்டுக்குட்டி கத்தியது! மத்தியானம் றீட்டை விறைக்கவைத்தது காய்ந்த சோளகம்; சுரண்டி மெலிந்த றீட் இப்போது ஈரத்தில் தொய்ந்துவிட்டது. கடலுக்குப் போகக் காற்றுப் பார்க்கிற மனுசன், றீட் சுரண்டக் காற்றுப் பார்க்கவில்லை.

கிறகோரி ஓடிவந்தான். "ஐயோ அண்ணை, என்ன செய்துபோட்டியள்?"

"சந்தோசப்படு. நீ முன்னுக்கு நட."

"விசர்க்கதை கதையாதேங்கோ! என்ரை முன்பல் ஆடுது. ட்றம்பெற்றை வாயிலை அமத்தினால் சனத்துக்கு முன்னாலை பல்லுத்தான் விழும்."

சிமியோன் அவனை ஒருமுறை மேலுங்கீழும் பார்த்தார்.

"அப்ப ஓடு, மெழுகுதிரி கொண்டுவா. நுனியைக் கொஞ்சம் குறைச்சால் விறைப்பு வரும். வெட்டினால் பிளந்துபோம், கரிக்கவேணும்."

"பீடத்திலைதான் இருக்கு. பங்குச் சுவாமி கண்டால்?"

"புனிதருக்குத்தானே ஊதப்போறம். அவர் சுவாமியோடை கதைச்சுக்கொள்ளுவார்."

றீட்டின் மேல் ஒரு நாணயத்தை வைத்து, அதன் வளைவுக்கு வெளியே மயிரளவு நுனியை மட்டும் விட்டுச் சுடரில் காட்டினார். கரியைத் தேய்த்துத் துடைத்து, வாயில் ஒருதரம் நனைத்து ஊதினார். கணீரென்று வந்தது.

கிறகோரி விட்ட மூச்சில் புனிதரின் மெழுகுதிரி அணைந்தது.