சவரிமுத்துவின் பெரட்டு

1951 ஜூலை 27, வெள்ளிக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடம்.

நேரம் இவ்வளவு சரியாகத் தெரிவதற்குக் காரணம், சிறில் அதைக் குறித்து வைத்திருந்தார். இலங்கை மலைநாட்டில், உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிளாக்கர். கூட்டியோ குறைத்தோ பேசத் தெரியாத மனிதர். அவருக்கு நடந்தது இது. நம்பாதவர்களோடு அவர் வாதாடியதும் இல்லை.

அந்தத் தோட்டத்தை முதலில் திறந்தவர் கார்ஸ்டன் துரை. கோப்பிக் காலத்து ஆள். கொழும்புச் சட்டசபையிலும் உட்கார்ந்து பேசியவர். வாராவாரம் சீமையிலிருந்த தங்கைக்குக் கடிதம் எழுதுவார். எழுதிய தாளை ஈரமான மெல்லிய தாளில் வைத்து அழுத்தி, நகல்களைப் புத்தகமாகவே சேர்த்திருந்தார். இப்போது அந்தக் குடும்பத்தார் அவற்றைக் கேட்டு எழுதியிருந்தார்கள். திங்கட்கிழமை அந்தக் கடிதப் பெட்டி கப்பலுக்குப் போக வேண்டும். பட்டியல் போடும் வேலை சிறிலுக்கு.

சிறிலுக்கும் அதில் ஒரு தேவை இருந்தது. பிரஜாவுரிமை மனு கொடுக்க ஒன்பது நாள்தான் பாக்கி. அவருடைய அப்பா இராயப்பன் இந்தத் தோட்டத்தில் பிறந்தார் என்பதற்கு ஒரு தாள் வேண்டும். பிறப்புப் பதிவு இல்லை. கோயில் ஞானஸ்நானப் புத்தகத்திலும் இல்லை. கேட்டுப் பார்க்க அப்பாவும் இல்லை. தாள் கிடைக்காவிட்டால், சிறிலும் பெண்சாதி பிள்ளைகளும் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்கள்.

"வெள்ளக்காரன் கடுதாசியில ஒங்கப்பன தேடப் போறியா?" என்று பெரிய கிளாக்கர் கணேசமூர்த்தி சிரித்தார். "அவனுக்குக் குதிரை பேரு தெரியும் தம்பி. நம்ம பேரு தெரியாது."

பழைய பங்களாவின் காவல்காரர் மாயாண்டி கதவைத் திறந்துவிட்டு வராந்தாவிலேயே உட்கார்ந்துகொண்டார். சிறில் பெட்டியைத் திறந்து படிக்கத் தொடங்கினார். குதிரைக்கு உண்மையிலேயே பேர் இருந்தது. மகளின் இருமலுக்கு இரண்டு பக்கம். தோட்டத்து ஆட்கள் வெறும் எண்ணிக்கையாக வந்தார்கள். நாற்பது பேர். அறுபத்தொரு பேர்.

இரண்டு முப்பத்தைந்து. 1886 பெப்ரவரிக் கடிதத்தில் முதல் தமிழ்ப் பேர்.

'நேற்று மழையில் கம்பளியோடு வேலைக்குப் போன சவரிமுத்து, இன்று காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டபோது பதில் சொல்லவில்லை. என் தோட்டத்தில் ஓர் ஆளும் குறையவில்லை என்று சபையில் சொல்லிவிட்டேன். ஆகவே அவன் பேரை அடிக்கமாட்டேன். பதில் வரும்வரை கூப்பிடுவேன்.'

சவரிமுத்து சிறிலின் தாத்தா. இந்தியாவுக்குத் திரும்பிப் போய்விட்டார் என்றுதான் வீட்டில் சொல்லியிருந்தார்கள்.

அடுத்த கடிதம்: 'இன்றும் கூப்பிட்டேன்.' அதற்கடுத்தது: 'இன்றும்.' பக்கத்துக்கு ஒரே வரி. தங்கையின் பேர்கூட இல்லை.

மூன்று ஐந்து. அதே 1886, ஜூன் 14 என்று தேதி. 'சவரிமுத்துவின் பெண்சாதிக்கு நேற்று லயத்துக் குடியிருப்பில் ஆண் பிள்ளை. இராயப்பன் என்று பேர். தகப்பன் இன்னும் பதில் சொல்லவில்லை.'

சிறில் எழுந்தே நின்றுவிட்டார். கிடைத்துவிட்டது. பிளேடால் அந்தத் தாளை மட்டும் வெட்டி எடுத்தார். விரலில் ஊதா மை ஒட்டியது. அறுபத்தைந்து வருடத்து மை... ஈரமாக இருந்தது.

மூன்று இருபது. தப்பு மேளச் சத்தம்.

பெரட்டுக்கு ஆள் கூப்பிடும் தப்பு. விடிகாலையில் மட்டும் அடிப்பது.

ஜன்னலுக்கு வெளியே மூடுபனி. முற்றம் தெரியவில்லை. வெள்ளைக்காரத் தமிழில் ஒரு குரல் பேர் கூப்பிட்டது. ஒவ்வொரு பேருக்கும் பனிக்குள்ளிருந்து ஒரு பதில் வந்தது.

"சவரிமுத்து."

பதில் இல்லை.

"சவரிமுத்து..."

லயத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மூன்றாம் தரமும் பதில் வராவிட்டால் அந்த ஆளுக்கு அன்று வேலை இல்லை. அதனால் வீட்டு ஆள் யாராவது முந்திக் குரல் கொடுப்பார்கள். காய்ச்சலில் கிடந்த அப்பாவுக்காகச் சிறில் எத்தனையோ தரம் கொடுத்திருக்கிறார்.

"சவரிமுத்து!"

வாய் முந்திக்கொண்டது.

"இருக்காருங்க!"

தப்பு நின்றது.

அறைக்குள்... முதுகுக்குப் பின்னால்... பேனா கீறும் சத்தம்.

ஒரே ஒரு கோடு. பதில் வந்த பேருக்கு நேரே போடும் கோடு.

ஓடினார்.

வராந்தாவில் மாயாண்டி பீடியை வாயிலிருந்து எடுத்தார். "யாருக்குங்க ஐயா பதில் சொன்னீங்க? இங்க யாரும் கூப்பிடலையே."

மறுநாள் கணேசமூர்த்தி தாளை இரண்டு தரம் படித்தார். இந்த முறை சிரிக்கவில்லை.

"ஜூன் பதினாலா? கார்ஸ்டன் செத்தது மார்ச் மூணு. வெள்ளக்காரக் கோயில் தோட்டத்துல கல்லறை இருக்கு, போய்ப் பாரு. அப்ப இத எழுதுனது எவன்?"

சிறில் போய்ப் பார்த்தார். 1886 மார்ச் 3. கல்லில் வெட்டியிருந்தது.

இருந்தும் அந்தத் தாளையே மனுவோடு வைத்தார். வேறு தாள் இல்லை.

அக்டோபர் மாதம் நுவரெலியாவில் விசாரணை. சிறில் தனியாகத்தான் போனார். அதிகாரி சிங்களவர், மொழிபெயர்க்க மரியரட்ணம் என்ற டவுன்காரர். காலை பத்து நாற்பதுக்குக் கூப்பிட்டார்கள். அதிகாரி தாளைப் பார்த்தார். தேதியைப் பார்த்தார். தலையாட்டித் தாளைத் தள்ளி வைத்தார்.

பிறகு சிறிலின் தோளுக்கு மேலாகப் பார்த்து ஏதோ சொன்னார். மரியரட்ணமும் அங்கே பார்த்தார்.

"நகல் தாளு செல்லாதாம் ஐயா. ஆனா பயப்படாதீங்க, சாட்சி இருந்தா போதும்ங்கிறாரு. அதான் கூட்டியாந்திருக்கீங்களே... ஒங்களுக்குப் பின்னால, நனைஞ்ச கம்பளியோட நிக்கிறாரே, அவரு பேரு என்னங்க?"