அடி வேற, பங்கு வேற என்ற கோமதி அக்கா

செய்தி வந்தபோது நான் குழாய் ரிப்பேர்காரரோடு கத்திக்கொண்டிருந்தேன். திருவிடந்தையில் இருக்கும் என் கெஸ்ட்ஹவுஸில் அவர் சரிசெய்த குழாய் மறுபடியும் ஒழுகியது. போனில் கோமதி அக்காவின் மகள் நித்யா. "மாமா, அம்மா பாத்ரூம்ல வுழுந்துட்டாங்க. கூப்ட்டா பேச்சே இல்ல" என்றாள். செங்கல்பட்டில் அவர்கள் வீட்டுக்கு நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வலிப்பு வந்து விழுந்திருக்கிறார்.

அந்த வலிப்பு தானாக வந்ததல்ல. பல வருடங்களுக்கு முன் மண்டையில் வாங்கிய அடியால் வந்தது, எப்போது வேண்டுமானாலும் ஆளைச் சாய்க்கும் என்று டாக்டர்கள் அன்றே சொல்லியிருந்தார்கள். அடித்தவன் சேகர். நமக்கெல்லாம் தெரிந்த பஸ் நிலையத்துச் சேகர்தான். அக்காவின் உடம்பைப் பார்த்துவிட்டு வாசலில் செருப்பை மாட்டும்போது, நேரே போய் அவனை வெட்டிப் போட வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது. அஞ்சலி எழுதுகிறவன் இப்படி எழுதலாமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். கோமதி அக்காவோடு பழகிய நீங்கள் சுளிக்க மாட்டீர்கள்.

இதைவிடப் பெரிய வயிற்றெரிச்சல் ஒன்று இருந்தது. அந்த மாதம் எங்கள் கடையின் கமிஷனில் சேகருக்கு ஒரு பங்கு போக வேண்டும். அக்கா போய்விட்டதால் அதைக் கொடுக்க வேண்டியவன் அவருடைய கூட்டாளியான நான். கொடுப்பதா, அவன் மூஞ்சியில் காறித் துப்புவதா? அக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இதுதான் முன்னால் வந்து நிற்கிறது. அதனால் இதையே எழுதிவிடுகிறேன்.

தொண்ணூறுகளில் மாமல்லபுரம் பஸ் நிலையத்தில் நானும் சேகரும் கைடுகள். கைடு என்பது மரியாதைக்குச் சொன்னது. பஸ்ஸிலிருந்து இறங்கும் வெளிநாட்டுக்காரரை லாட்ஜிலும் சிற்பக் கடையிலும் கொண்டுபோய் விட்டுக் கமிஷன் வாங்குவதுதான் தொழில். அதற்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. இறங்குகிறவரின் பையில் யார் கை முதலில் படுகிறதோ, அவனுடைய பார்ட்டி அவர். இந்த முறை மட்டுமல்ல, அடுத்த வருடம் வந்தாலும், பத்து வருடம் கழித்துப் பெண்டாட்டி பிள்ளையோடு வந்தாலும், கமிஷன் முதலில் கை வைத்தவனுக்கே. எழுதி வைக்காத சட்டம். மீறியவனுக்குப் பல் இருக்காது.

என்னுடைய முன்பல் போனதும் அப்படித்தான். நான் கை வைத்த பையை இன்னொருவன் பிடுங்கினான். நான் அவன் காதைக் கடித்தேன், அவன் ஒரு கருங்கல் துண்டால் என் வாயில் குத்தினான். சுற்றி நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அப்போது கோமதி அக்கா அங்கே ஒரு டிராவல்ஸ் கவுண்டரில் டிக்கெட் போடும் வேலையில் இருந்தார், தினமும் செங்கல்பட்டிலிருந்து பஸ்ஸில் வந்து போவார். கவுண்டரை விட்டு இறங்கி வந்து, பெட்டிக்கடையிலிருந்து ஒரு சோடா பாட்டிலை எடுத்து எங்கள் இருவர் காலுக்கும் நடுவில் ஓங்கி அடித்தார். கண்ணாடி தெறித்து இரண்டு பேர் காலிலும் ரத்தம். "பார்ட்டி ஆட்டோ ஏறிப் போய்கினே கீறான். நீங்க இங்க மூஞ்சிய ஒட்ச்சிக்கினு கீறீங்க" என்றார். திரும்பிப் பார்த்தால் உண்மைதான், வெள்ளைக்காரர் போய்விட்டிருந்தார். கோமதி என்னைவிட ஒரு வயதுதான் பெரியவர். அன்றிலிருந்து எனக்கு அவர் அக்கா.

சில வருடங்களில் அக்கா வேலையை விட்டுவிட்டு ஒத்தவாடைத் தெருவில் ஒரு பிரவுசிங் சென்டர் திறந்தார். என்னையும் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டார். பிறகுதான் அந்தப் புதுத் தொழில் வந்தது. அறை பதிவு செய்யும் ஒரு பெரிய கம்பெனி, ஆசிய அலுவலகம் சிங்கப்பூரில். நாம் நம் ஊரைப் பற்றி ஒரு வெப்சைட் நடத்த வேண்டும். அதன் வழியாகப் போய் யாராவது கம்பெனியில் அறை எடுத்தால் நமக்குக் கமிஷன். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுப்பார்கள், வியாபாரம் அந்த எண்ணின் பேரில் ஏறும். அக்கா சிரித்துவிட்டார். "நம்ம பஸ் ஸ்டாண்டு வேலதாம்பா இது. நாற்காலில குந்திக்கினு செய்யணும், அவ்ளோதான்" என்றார்.

தான் மட்டும் தின்ன வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. சேகர் உட்பட எல்லாக் கைடுகளுக்கும் எண் வாங்கி, வெப்சைட்டில் ஆளுக்கொரு பக்கமும் போட்டுக் கொடுத்தார். உங்கள் பார்ட்டியை இங்கே கொண்டுவந்து உட்கார வையுங்கள், அடுத்த ஊருக்கு அவர்கள் அறை எடுத்தால் கமிஷன் உங்களுக்கு என்றார். கோவாவுக்கும் பாங்காக்குக்கும் அறை எடுத்துக் கொடுத்து மாமல்லபுரத்துக் கைடு கமிஷன் வாங்கலாம் என்றால் யாருக்குக் கசக்கும்? வந்தார்கள், பார்ட்டிகளை உட்கார வைத்தார்கள். மாதம் முடிந்தது. ஒருவனுக்கும் ஒன்றும் வரவில்லை, அக்காவுக்கு மட்டும் வந்தது.

ஏன் என்று எங்களுக்குத் தெரியவில்லை. கம்பெனிக்கு எழுதிக் கேட்டோம், பதில் இல்லை. சேகர் பதிலுக்காகக் காத்திருக்கிற ஆள் இல்லை. ஒரு மத்தியானம், இரண்டு பேரோடு, கையில் தண்ணீர்க் குழாய்க்கு வைக்கும் இரும்புப் பைப்போடு உள்ளே வந்தான். வாசல் கண்ணாடி முதலில் போனது. பிறகு கம்ப்யூட்டர்கள். உட்கார்ந்திருந்த பார்ட்டிகள் அலறிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். நான் ஸ்டூலைத் தூக்கி ஒருவன் முகத்தில் அடித்தேன், மற்றவன் என் கையை முறித்தான். அக்கா ஓடவில்லை. சேகரின் சட்டையைப் பிடித்து, இன்னா கேக்கணுமோ அத வாயால கேளுடா என்றார். அவன், "எம் பார்ட்டி பையில மொதல்ல கை வச்சது நானு. துட்டு உனுக்கா?" என்று சொல்லிக்கொண்டே பைப்பை இறக்கினான். தலையில். விழுந்த பிறகும் இன்னொரு அடி. அந்தச் சத்தத்தை நான் எழுத மாட்டேன்.

செங்கல்பட்டில் பெரிய ஆஸ்பத்திரியில் அக்கா கண்ணைத் திறக்கச் சில நாட்கள் ஆயின. தலையை மழித்துத் தையல் போட்டிருந்தார்கள், ஒரு கண் முழுக்க ரத்தச் சிவப்பு. சேகரை ஜாமீனில் விட்டால் எங்கே வைத்து அடிப்பது என்று நான் ஆள் பிடித்துக்கொண்டிருந்தேன். அக்கா என்னைக் கிட்டே வரச் சொன்னார். மூச்சை இழுத்து இழுத்துப் பேசினார்.

"மூர்த்தி, அவன் சொன்னது நெசம். அது அவன் பார்ட்டிதான்."

அப்படியே படுத்துக்கொண்டு யோசித்திருக்கிறார், பாருங்கள். விஷயம் இதுதான். கடையில் எந்தக் கம்ப்யூட்டரைத் திறந்தாலும் முதலில் அக்காவின் பக்கம் வரும்படி நாங்களே வைத்திருந்தோம். கடைக்கு விளம்பரம் என்று ஆசையாகச் செய்தது. பார்ட்டி கைடின் பக்கத்தைத் தேடாமல் அதைத் தொட்டே உள்ளே போனதும் அக்காவின் எண் அந்தக் கம்ப்யூட்டரில் ஒட்டிக்கொள்ளும். பிறகு அங்கே உட்கார்ந்து யார் எந்த ஊருக்கு அறை எடுத்தாலும் கமிஷன் அவர் பேரில் ஏறிவிடும். ஒருவரும் திருடவில்லை. எங்கள் எல்லாருடைய பார்ட்டியையும் அந்த முதல் பக்கம் விழுங்கியிருந்தது.

அப்படியானால் கேஸை வாபஸ் வாங்கப் போகிறாரா என்று பதறிக் கேட்டேன். அக்கா என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் உறைக்கிறது. "எதுக்கு வாங்கணும்? மண்டைய ஒட்ச்சிகீறான், உள்ள போவட்டும். பங்கு அவனுது, வூட்டுக்குப் போவட்டும். அடி வேற, பங்கு வேற" என்றார்.

தையல் பிரிப்பதற்குள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ரிசார்ட்டில் அந்தக் கம்பெனி தன் ஆசியக் கூட்டாளிகளுக்குக் கூட்டம் நடத்தியது. சிங்கப்பூர், பாங்காக், மணிலா என்று பல ஊர் ஆட்கள். கழுத்தில் அட்டை, கையில் ஜூஸ், ஒருவருக்கொருவர் விசிட்டிங் கார்டு நீட்டிக்கொண்டிருந்தார்கள். கட்டுப் போட்ட கையோடு நான், மழித்த தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு அக்கா. எங்களுக்கு ஒருவரும் கார்டு நீட்டவில்லை. மேடையில் இருந்தவர், வாங்குகிறவர் கடைசியாக யாருடைய லிங்க்கைத் தொட்டுவிட்டு வருகிறாரோ அவருக்குத்தான் கமிஷன், ஆசியா முழுக்க இதுதான் விதி என்று விளக்கினார். அக்கா எழுந்தார். நான் இங்கிலீஷில் திருப்பிச் சொன்னேன்.

"எங்க ஊர்ல மொதல்ல கை வச்சவனுக்குதான் சார் பார்ட்டி. கடைசில தொட்டவன் எத்துக்கினு போனா இன்னா ஆவும்னு காட்றேன், பாருங்க" என்று முந்தானையை எடுத்துவிட்டுத் திரும்பி நின்றார். காதுக்கு மேலிருந்து பிடரி வரை தையல். பாங்காக்கிலிருந்து வந்த ஓர் அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார். மேடைக்காரர், எங்கள் கம்ப்யூட்டர் அப்படித்தான் வேலை செய்யும், எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். அப்போ நாங்களே செஞ்சிக்கிறோம் என்று அக்கா உட்கார்ந்தார். மத்தியான சாப்பாட்டின்போது அந்த ஓர் அம்மாள் மட்டும் தேடி வந்து தன் கார்டைக் கொடுத்தார். அவர் ஊர்ப் படகுக்காரர்களுக்குள்ளும் இதே வெட்டுக்குத்துதானாம். அவரும் அக்காவும் கடைசிவரை தொடர்பில் இருந்தார்கள்.

சொன்னபடி செய்தார். உடைந்த கடையை எடுத்துக் கட்டி, ஒவ்வொரு கம்ப்யூட்டரையும் ஒரு கைடுக்கு என்று ஒதுக்கினார். அதைத் திறந்தால் அவனுடைய பக்கம்தான் வரும், அதன் தலையில் பெயிண்டால் அவன் பெயர். யாருடைய பார்ட்டியோ அவன் மெஷினில்தான் உட்கார வேண்டும். தன் ஊருக்குத் திரும்பிய பார்ட்டி மறு வருடம் எங்கள் வழியாக அறை எடுத்தால், முதலில் பையைத் தொட்டவனுக்கு எங்கள் கமிஷனிலிருந்தே பங்கு. சேகர் பெயரிலும் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதற்குப் பெயிண்ட் அடிக்க நான் மறுத்தேன். அக்காவே அடித்தார்.

செங்கல்பட்டுக் கோர்ட்டில் கூண்டேறி, அடித்தவன் இவன்தான் என்று விரலை நீட்டிச் சொன்னார். சேகரின் வக்கீல் தயவு தாட்சண்யம் பற்றி ஏதோ ஆரம்பித்தார். எனக்கு அந்தப் பேச்சு வேணாம் சார், வலிக்குது என்றார் அக்கா. சேகர் ஜெயிலுக்குப் போனான். அதே கோர்ட் வாசலில், கடற்கரையில் கிளிஞ்சல் மாலை விற்கும் அவன் மனைவி அமுதா மண்ணை வாரித் தூற்றிக்கொண்டிருந்தாள். அக்கா நேரே போய் அவள் கையில் ஒரு கவரைத் திணித்தார். அமுதா அதை அக்கா முகத்திலேயே விட்டெறிந்தாள். அக்கா குனிந்து எடுத்து, மண்ணைத் தட்டி, மறுபடி கொடுத்தார். இது நான் போடுற பிச்சை இல்ல, உம் புருஷன் சம்பாரிச்சது என்றார். சேகர் உள்ளே இருந்த காலம் முழுக்க அந்தக் கவர் மாதம் தவறாமல் போனது. அவன் வெளியே வந்த பிறகும் போனது. அவனோடு அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. எதிரே வந்தால் தெருவின் மறுபக்கம் போய்விடுவார். மன்னித்துவிட்டீர்களா என்று ஒருமுறை கேட்டேன். "எனுக்கு வலிப்பு வரும்போதுலாம் அவன் ஞாபகம்தான் வருது. எப்டி மன்னிக்கிறது?" என்றார்.

அக்காவின் காரியம் முடிந்த மறுநாள் கெஸ்ட்ஹவுஸுக்கு ஒரு பிரெஞ்சு வாத்தியார் வந்து இறங்கினார். எங்கள் வெப்சைட்டில் பதிவு செய்து வந்தவர். வருடா வருடம் வருகிறவர். பல வருடங்களுக்கு முன் பஸ் நிலையத்தில் அவர் பையை முதலில் தொட்டவன் சேகர்.

அவன் பங்கைக் கவரில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். சேகர் வாசலில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்தான். தலை நரைத்துவிட்டது. அக்கா போனது தெரியும் என்றான், தூக்கிக்கொண்டு போகும்போது தூரமாக நின்று பார்த்தேன் என்றான். கவரைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டான்.

"வேணாம் மூர்த்தி. அக்காவே இல்ல. இனிமே எனுக்கு இன்னாத்துக்கு?"

நான் அவனை அறைந்தேன். என் கை எரிகிற அளவுக்கு, இரண்டு கன்னத்திலும். அமுதா உள்ளேயிருந்து ஓடிவந்தாள். அவன் கையை ஓங்கவில்லை, முகத்தைக்கூடத் திருப்பவில்லை. பிறகு கவரை அவன் கையில் வைத்து விரல்களை மூடினேன். அடுத்த மாதமும் வரும் என்றேன்.

அக்காவிடமிருந்து என்னோடு தங்கியது அந்த ஒரு வழக்கம்தான், அதுவும் பாதி. அவர் இருந்திருந்தால் அடியைக் கோர்ட்டுக்கு விட்டிருப்பார். எனக்கு அவ்வளவு மனசு இல்லை, அடித்துவிட்டேன். பங்கில் மட்டும் ஒரு பைசா குறைக்கவில்லை.