முக்கால் அளவுப் போர் விமானம்

லா சப்பலில் நான் கோப்பை கழுவிய உணவகத்தின் பிரெஞ்சு முதலாளிக்குப் போர் என்றால் உயிர். போருக்கு அவர் போனதில்லை. கட்டாய இராணுவ சேவையைக்கூட ஏதோ கந்தோரில் தட்டச்சு செய்தே முடித்தவர். எண்பதுகளின் நடுவில், பழைய போர் விமானம் ஒன்றை முக்கால் அளவில், நாமே பூட்டிப் பறக்கலாம் என்று விற்ற மரப் பாகங்களைப் பெட்டி பெட்டியாக வாங்கி, பொபினியில் ஒரு கொட்டகையில் அடுக்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னையும், என் அறையில் இருந்த மன்னார் அண்ணையையும் அங்கே கூட்டிப் போவார். அண்ணை ஊரில் வள்ளம் கட்டியவர். பிரெஞ்சு தெரியாது.

நாங்கள் மரம் தேய்ப்போம். முதலாளி தோல் தொப்பி போட்டுக்கொண்டு, இறக்கை இல்லாத அந்தக் கூட்டுக்குள் உட்கார்ந்து, டட்டட் டட்டட் என்று வாயால் சுடுவார். ஐம்பது வயது மனிதர். சுட்டு வீழ்த்தாத எதிரிகளுக்காகப் பக்கவாட்டில் ஏழு சிலுவைகளும் வரைந்து வைத்திருந்தார்.

"நீ போர் விமானம் பார்த்திருக்கிறாயா?" என்று ஒருநாள் கேட்டார்.

"பார்த்திருக்கிறேன். கீழேயிருந்து."

"எந்த ரகம்?"

வாய்க்காலுக்குள் குப்புறக் கிடந்தேன், ரகம் பார்க்கவில்லை என்றேன்.

"அடடா, நிமிர்ந்து பார்த்திருக்கலாமே!" உண்மையாகவே வருந்தினார்.

அன்றிலிருந்து அவரை ஒரு மனிதராக மதிக்க என்னால் முடியவில்லை.

மாரிக் குளிரில், கணகணப்புக்கு ஓர் அடுப்புக்கூட இல்லாத கொட்டகையில், அவசரப்பட்டு இறக்கையின் நடு மரத்தை எங்களைக் கொண்டு ஒட்டுவித்தார். அடுத்த வாரம் அண்ணை அதைத் தட்டிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"பசை பிடிக்கேல்லை. குளிருக்கை ஒட்டினது. மேலை போனால் இறக்கை கழண்டிடும். அவரிட்டைச் சொல்லு."

முதலாளி என்னைப் பார்த்தார். "என்ன சொல்கிறார்?"

அவருடைய வேலைக் கடிதம் இல்லாமல் என் விசாப் புதுப்பிப்பு நடக்காது. குறை சொன்னால் அவர் முகம் எப்படிச் சுருங்கும் என்பதும் தெரியும்.

"வேலை மிக அழகாக வந்திருக்கிறதாம்" என்றேன். விழுந்தால் விழட்டுமே என்றும் ஒரு நினைப்பு ஓடியது.

இறக்கைக்குத் துணி போர்த்துமுன், பறக்க அனுமதி கொடுக்கும் பரிசோதகர் வந்தார். ஒட்டுக்குள் கத்தி நுனியை வைத்தார். அது வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. இது பறக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார்.

முதலாளி அண்ணையைப் பார்த்துக் கத்தினார். "அழகு என்றானே! தச்சனாம் இவன்!"

அண்ணை என் பக்கம் திரும்பினார். "என்னடா சொல்லுறார்? நீ அண்டைக்கு என்ன சொன்னனி?"

நான் குனிந்து மரத்தைத் தேய்க்கத் தொடங்கினேன். அவருக்கு விளங்கிவிட்டது. மேலங்கியை எடுத்துக்கொண்டு பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தார். அந்த மாதமே பொண்டியில் இருந்த தமக்கை வீட்டுக்குக் குடிபோனார்.

முதலாளி விமானத்தைப் பாகங்களாகவே வேறொருவருக்கு விற்றார். அதைக் கழற்றிப் பெட்டிகளில் அடுக்கிக் கொடுத்தது நான்தான். வேலைக் கடிதமும் கிடைத்தது. வாயால் சுட்ட அந்த மனிதரை நினைத்தால் இன்றும் இளக்காரம்தான் வருகிறது. அவராவது ஒருவரையும் ஏமாற்றவில்லை.