கோடு இல்லாத சுவர்

ஹவ்ரானெட்ஸ் கோட்டையைத் திறந்த சனிக்கிழமை, வெண்டெலின் குபாஷ்கா ஆறு யூரோ கொடுத்து டிக்கெட் வாங்கினான். ஆறு கோடைகாலம் அதே கோட்டை மலையில் கல் சுமந்தவனுக்கு டிக்கெட். கிழித்துக் கொடுத்த பெண் வெகு மரியாதையாக, படி வழுக்கும், பார்த்து ஏறுங்கள் என்றாள். அந்தப் படியைப் போட்டதே அவன்தான். பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினான்.

வேலை பார்த்த கண்ணாடித் தொழிற்சாலையை மூடியபோது அவனுக்கு நாற்பத்து நான்கு வயது. ஊரில் பாதிப் பேர் ஆஸ்திரியாவுக்குப் பிழைக்கப் போனார்கள். இவன் போகவில்லை, குடித்தான். எங்கள் ஊரில் குடிக்காதவன் கிடையாது. இங்கே ஒருவன் குடிகாரன் என்று பெயர் எடுக்க வேண்டுமானால் அதற்குத் தனியாக உழைக்க வேண்டும். இவன் உழைத்தான், பெயர் எடுத்தான். கடைசியில் வேலைவாய்ப்பு அலுவலகம் அவனைக் கோட்டை மேல் தள்ளிவிட்டது. வேலையில்லாதவர்களை வைத்தே அந்த இடிபாட்டைத் திரும்பக் கட்டும் திட்டம் அது.

முதல் வருடம் சுண்ணாம்பு குழைத்தான். இரண்டாம் வருடம் சாந்து பூசும் கரணையைக் கையில் கொடுத்தார்கள். அப்போதுதான் தெரிந்தது, அவன் கையில் அப்படி ஒரு வேலை இருக்கிறது என்று. சாரத்தில் ஏறும் நாட்களில் சொட்டுகூடத் தொடமாட்டான். மழை பெய்து வேலை நின்ற நாட்களில் சேர்த்து வைத்துக் குடித்தான். மூன்றாம் வருடம் மனைவி அவனை வீட்டைவிட்டு விரட்டினாள். மகள் லிவியா அவனைத் தெருவில் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவாள்.

பழைய சுவர் எங்கே முடிகிறது, புதியது எங்கே தொடங்குகிறது என்று பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும். அதற்காக இரண்டுக்கும் நடுவே ஓட்டுச் சில்லுகளை ஒரு சிவப்புக் கோடாகப் பதிப்பது விதி. ஆறாம் வருடம், வடக்குச் சுவருக்கு மட்டும் கோடு வேண்டாம் என்றான் மேஸ்திரி ஹுடெக். ஒரு சுவராவது முழுசும் பழசு என்று சொல்லிக்கொள்ள வேண்டுமாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. வெண்டெலின் எதிர்த்துப் பேசவில்லை. பழைய அடிச்சுவருக்கு மேல் நான்கு ஆள் உயரம் தன்னந்தனியாகக் கட்டி முடித்தான்.

அந்த ஹுடெக் இன்று கோட்டையின் நிர்வாகி. லிவியா அங்கே வழிகாட்டி வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அதற்காகத்தான் வெண்டெலின் வந்தான். அந்தச் சுவரைக் கட்டியது அப்பா என்று அவளுக்குத் தெரிந்தால் போதும். மற்றபடி கோட்டை எக்கேடு கெட்டால் அவனுக்கென்ன?

இருபது பேர் கொண்ட கூட்டத்தின் பின்னால் ஒட்டிக்கொண்டான். லிவியா பார்த்தாள், பார்க்காததுபோல் முகத்தைத் திருப்பினாள். வடக்குச் சுவரருகே நின்று, எழுநூறு வருடமாக அசையாமல் நிற்கும் சுவர், இப்படிக் கட்ட இன்றைக்கு ஆளே இல்லை என்று ஒப்பித்தாள்.

"அத நான் கட்டினேன்" என்றான் வெண்டெலின்.

கூட்டம் சிரித்தது. ஒருவன், அப்படியென்றால் தாத்தாவுக்கு எழுநூறு வயசா என்று கேட்டான். சத்தம் கேட்டு ஹுடெக் வந்தான். வெண்டெலினைக் கண்டதும் அவன் முகம் சுண்டியது, உடனே சிரிப்பும் வந்துவிட்டது.

"நீ கட்டினதுன்னா கோடு எங்கய்யா? விதி உனக்குத் தெரியாதா?"

"நீதான வேண்டாம்ன."

"இவரு இங்க தண்ணி சுமந்தவரு" என்று ஹுடெக் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான். "எந்தத் தண்ணின்னு கேக்காதீங்க."

வெண்டெலின் விடவில்லை. சுவரில் கை வைத்து, சாந்துத் தடத்தைப் பாருங்கள், எல்லாம் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது, நான் இடதுகைக்காரன் என்றான். அந்தக் காலத்திலும் இடதுகைக்காரர்கள் இருந்திருப்பார்கள் என்றான் ஹுடெக். அதற்கும் சிரிப்பு. இவரை வாசலுக்கு அனுப்ப வேண்டுமா என்று ஹுடெக் லிவியாவிடம் கேட்க, தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி அவள் தந்தையின் சட்டைக் கையைப் பிடித்துச் சுவர் முனைக்கு இழுத்துப் போனாள்.

"நம்பு லிவியா. சத்தியமா நான்தான்."

"தெரியும்ப்பா. வேலைக்கு வந்த மொத நாளே தெரியும்."

லிவியா சுவரிலிருந்த சாந்துத் தடத்தை விரலால் காட்டினாள்.

"எனக்குன்னு ஒரு ரூம் கட்ட ஆரம்பிச்சியே, அதுலயும் இதே தடம்தான். ஜன்னல் வரைக்கும் வந்தது. மேல தார்ப்பாய். மூணு பனிக்காலம் அதுக்குள்ளதான் படுத்தேன். ஆள் வெச்சு முடிச்சிரலாம்னு அம்மா சொன்னா. நான்தான் விடல, நீ வருவேன்னு."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். அவள் வழி சொல்வதுபோலச் சொன்னாள்.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. நாளைக்கே வந்து முடிச்சுத் தரேன்" என்றான்.

"போன வருஷமே வேற ஆள் முடிச்சிட்டான்ப்பா" என்றாள் லிவியா. "நேராத்தான் கட்டியிருக்கான்."

பிறகு கூட்டத்திடம் திரும்பி, அடுத்தது தேவாலயம், தலை இடிக்கும், குனிந்து வாருங்கள் என்றாள்.