தும்புத்தடி கல்லில் பட்ட நாள்

எங்கள் போட்டியின் பெயர் 'அகில கனடாத் தமிழ் ஆண்கள் கேர்லிங் சாம்பியன்ஷிப்'. மொத்தம் நான்கு அணிகள். ஸ்காபரோவில் இருந்து இரண்டு, ஏஜக்ஸில் இருந்து ஒன்று. நான்காவது அணி மொன்றியலில் இருந்து வான் ஓட்டிக்கொண்டு வந்தது. அந்த வான் வராமல் விட்டிருந்தால் 'அகில கனடா' என்று அடித்து வைத்த பதாகையை என்ன செய்திருப்போமோ தெரியாது. பாதி வழியில் இருக்கும் கிங்ஸ்டனைத் தாண்டிவிட்டார்கள் என்று செய்தி வந்த பிறகுதான் எங்கள் அணித் தலைவருக்கு மூச்சு வந்தது.

ஐம்பது வயது தாண்டிய தமிழ் ஆம்பிளைகள் ஐஸில் கல்லுத் தள்ளப் போனதற்குக் காரணம் முழங்கால். முப்பது கோடைகாலம் ஸ்காபரோப் பூங்காக்களில் வலை கட்டிக் கரப்பந்து அடித்தோம். பழைய மாணவர் சங்கங்களுக்கு இடையில் நடக்கும் அந்த ஆட்டங்களில் உயிரைக் கொடுத்துக் குதித்தோம். பிறகு ஒவ்வொருவராக டொக்டரிடம் போய், இனிக் குதிக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டு திரும்பி வந்தோம். அப்படி முழங்கால் ஒப்பரேஷன் முடிந்து வீட்டில் படுத்திருந்த ஒருவர், நாட்டின் ஆண்கள் கேர்லிங் சாம்பியன்ஷிப்பைத் தொலைக்காட்சியில் ஒரு கிழமை முழுக்கப் பார்த்துவிட்டு வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பினார்.

"டேய், உது ஐஸில விளையாடுற கரம்போட்தானே! கரத்தில எங்களை ஆரடா வெல்லுறது?"

அவ்வளவுதான். அந்தக் குளிர்காலமே பழகத் தொடங்கிவிட்டோம். ஐஸின் அந்தக் கரையில் வட்டம் கீறியிருக்கும். இந்தக் கரையில் இருந்து பாரமான கல்லை வழுக்கி விடவேண்டும். வட்டத்தின் நடுவுக்கு யாருடைய கல் கிட்டவோ அவருக்குப் புள்ளி. கல் போகும்போது இரண்டு பேர் அதற்கு முன்னால் ஓடி ஓடி ஐஸைத் தேய்க்க வேண்டும். தேய்த்தால் கல் இன்னும் கொஞ்சத் தூரம் போகும். தேய்க்கிற தடியை நாங்கள் தும்புத்தடி என்றே சொன்னோம். வீட்டில் கூட்டுகிற தும்புத்தடியைத் தொடாதவர்கள் என்ற பகிடியை எல்லா வீட்டு மனைவிமாரும் சொல்லி முடித்துவிட்டார்கள். நான் திரும்பச் சொல்லப் போவதில்லை.

பழக்கியவர் அந்தக் கிளப்பில் இருந்த ஒரு வெள்ளைக்கார அம்மா. முதல் நாளே சொன்னார், இந்த விளையாட்டில் நடுவர் பிழை பிடிப்பதில்லை, உங்கள் தடி கல்லில் பட்டால் நீங்களே சொல்லவேண்டும், அந்தக் கல்லை என்ன செய்வதென்று எதிர் அணித் தலைவர் முடிவு செய்வார் என்று. நாங்கள் சிரித்தோம். கரப்பந்தில் வலையில் கை பட்டால் காற்றுக்கு ஆடினது என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாங்கள். உள்ளரங்கில் விளையாடினாலும் காற்று என்றுதான் சொல்வோம்.

இனி மச்சானின் கதைக்கு வருகிறேன். மச்சான் என்றால் என் மனைவியின் ஒரே அண்ணன். ஸ்காபரோவின் மற்ற அணிக்கு அவர்தான் தலைவர். அவரும் நானும் கதைத்து நான்கு வருடம்.

என் மகளின் கலியாணத்துக்கு முந்நூறு வீட்டுக்கு நேரில் போய்க் கார்ட் கொடுத்தேன். மனைவியும் நானும் பிரம்டன் போனோம், மில்டன் போனோம், ஒருவரையும் தெரியாத வீடுகளில் எல்லாம் இருந்து தேத்தண்ணீர் குடித்தோம். மச்சான் இருப்பது வெக்ஸ்போர்டில். அஜின்கோர்டில் என் வீட்டில் இருந்து காரில் பத்து நிமிடம். எங்கள் ஆள்தானே, எப்போதும் போகலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். கடைசியில் ஒருநாள் தமிழ்க் கடைப் பிளாசாவில் அவருடைய காரைக் கண்டேன். என் காரைப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, கார்டை நீட்டினேன். பெரிய கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டதாக நினைப்பு. அவர் வாங்கினார். கலியாணத்துக்கு வரவில்லை.

தாய்மாமன் இல்லாமல் பெண்ணை மணவறைக்குக் கூட்டி வந்தோம். வந்த சனம் எல்லாம் 'மாமன்காரர் எங்கை?' என்று என்னைக் கேட்டது. எனக்குக் கோபம் வந்தது. கார்ட் கார்ட்தானே, கையில் கொடுத்தால் என்ன, கண்ணாடிக்குள்ளால் கொடுத்தால் என்ன என்பது என் கட்சி. மனைவி ஒருமுறை தனியாக அவர் வீட்டுக்குப் போனாள். "உன்ர மனிசன் எங்கை?" என்று கேட்டுவிட்டு வாசலோடு அனுப்பிவிட்டார். அவள் போன் அடித்தால் எடுப்பதில்லை. அவள் என்னை ஒரு சொல் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருக்கலாம். போட்டிக்கு நான் வெளிக்கிடும்போது மட்டும், என் காலில் இருந்த சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அண்ணையும் வருவாராக்கும்?"

"வருவார்."

"நான் வரேல்லை. என்னைக் கண்டிட்டு முகத்தைத் திருப்பினாரெண்டால் எனக்குத் தாங்காது."

போட்டி நான்கு உரைகளுடன் தொடங்கியது. குத்துவிளக்குக் கொளுத்தினால் புகை எச்சரிக்கை அடிக்கும் என்பதால் பற்றரி விளக்கு. ஐஸின் மேல் வேட்டியுடன் நின்ற பிரதம விருந்தினர் கேர்லிங்கின் தாயகம் யாழ்ப்பாணமாக இருக்கலாம் என்கிற அளவுக்குப் போய், குளிர் தாங்காமல் நிறுத்தினார்.

காலையில் மச்சானின் அணியும் நாங்களும் மோதினோம். அவர்கள் வென்றார்கள். முடிந்ததும் கைகொடுக்க வேண்டும் என்பது விளையாட்டின் வழக்கம். மச்சான் என் கையைப் பிடித்தார், பார்வை மட்டும் சுவர் மணிக்கூட்டில் இருந்தது. பின்னேரம் எல்லா ஆட்டமும் முடிந்தபோது அவர்களுக்கும் இரண்டு வெற்றி, எங்களுக்கும் இரண்டு வெற்றி. காலையில் உங்களை வென்றோம், கப்பைத் தாருங்கள் என்றார்கள் அவர்கள். தொலைக்காட்சியில் சமன் வந்தால் டைபிரேக்கர் வைக்கிறார்களே என்றோம் நாங்கள். முக்கால் மணித்தியாலம் சண்டை. வெள்ளைக்கார அம்மா வந்து, ஐஸ் இன்னும் ஒரு மணித்தியாலத்துக்குத்தான் உங்களுக்கு என்று சொன்ன பிறகு டைபிரேக்கருக்கு எல்லாரும் ஓமென்றார்கள்.

நான்கு சுற்றுத்தான். நான்காவது சுற்றில் கடைசிக் கல் எங்களுடையது, புள்ளிகள் சமன். வட்டத்துக்குள் மச்சானின் கல் ஒன்று இருந்தது. அதைவிடக் கிட்ட எங்கள் கல் போனால் கப் எங்களுக்கு, இல்லாவிட்டால் அவர்களுக்கு. எங்கள் தலைவர் விட்டார். நல்ல விடுகைதான், ஆனால் வேகம் காணாது. நானும் இன்னொருவரும் பேய் பிடித்த மாதிரித் தேய்த்தோம். வட்டத்துக்குக் கிட்ட வந்தபோது என் முழங்கால் ஒருக்கால் மடங்கியது. தடி கல்லில் பட்டது. சின்ன ஒரு தட்டுத்தான், கையில் உணர்ந்தேன். கல் போய் நடுவட்டத்தில் நின்றது.

எங்கள் ஆட்கள் கூவினார்கள், யாரோ விசிலடித்தார்கள். மற்றத் தேய்ப்புக்காரர் கல்லுக்கு அந்தப் பக்கம் நின்றவர், அவர் காணவில்லை. மச்சான் வட்டத்துக்குப் பின்னாலேயே நின்றார். அவரும் காணவில்லை. நான் இருக்கும் பக்கம் பார்ப்பதில்லை என்று நான்கு வருடமாக வைத்திருந்த வைராக்கியத்தை அவர் கப்புக்காகவும் விடவில்லை.

நான் அப்போது செய்ததை நேர்மை என்று பிறகு சிலர் சொன்னார்கள். நேர்மையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. வலையில் ஆயிரம் தடவை கை பட்டு வாய் திறக்காதவன் நான். அந்த மனிசனிடம் போய்ச் சொல்ல ஒரு விஷயம் இல்லாமல் நான்கு வருடம் திரிந்தேன். இப்போது ஒன்று கிடைத்துவிட்டது, விடமுடியவில்லை. அவருக்கு முன்னால் போய் நின்றேன்.

"மச்சான், என்ர தடி கல்லில பட்டிட்டுது."

அவர் என்னைப் பார்த்தார். நேரே, முகத்தை.

"ஆர் கண்டது?"

"ஒருத்தரும் காணேல்லை. நீங்களும் அங்கால பாத்துக்கொண்டு நிண்டனீங்கள்."

விசில் நின்றுவிட்டது. எங்கள் தலைவர் "டேய் விசரா!" என்று கத்தியது மண்டபம் முழுக்கக் கேட்டது. மச்சான் தன் தடியில் சாய்ந்துகொண்டு சொன்னார்.

"கல்லில பட்டதை நடந்து வந்து நேரில சொல்லுறீர். என்ர மருமேளின்ர கலியாணத்தைச் சொல்ல உமக்குப் பத்து நிமிசம் வர ஏலாமப் போச்சு."

என்னிடம் பதில் இருந்தது. முந்நூறு வீடு, வேலை, குளிர், எல்லாம் நான்கு வருடமாக அடுக்கி வைத்திருந்தேன். வாயில் வந்தது வேறு.

"என்ர பிழைதான் மச்சான்."

சொன்னதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கமாக இருந்தது. ஏழு ஆம்பிளைகள் ஐஸில் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இனி அவர் பெருந்தன்மையாகக் கல்லை விட்டுவிடுவார், கட்டிப்பிடிப்பார் என்று நான் நினைத்தது உண்மை. எங்கள் அணியும் அப்படித்தான் நம்பியது. மச்சான் எங்கள் கல்லுக்குக் கிட்டப் போய், குனிந்து பார்த்து, "எடுங்கோ" என்றார். எடுத்தார்கள். அவருடைய கல் மட்டும் வட்டத்துக்குள் இருந்தது. அகில கனடாச் சாம்பியன்ஷிப் அவர்களுக்குப் போனது.

எங்கள் அணியில் ஒருவரும் என்னோடு கதைக்கவில்லை. ஆனால் கேர்லிங்கில் இன்னொரு வழக்கம் உண்டு. வென்றவர் தோற்றவருக்கு ஏதாவது குடிக்க வாங்கிக்கொடுத்து ஒரே மேசையில் இருக்கவேண்டும். இதில் ஒளிக்க முடியாது, வெள்ளைக்கார அம்மா நின்று பார்ப்பார். மச்சான் கோப்பி கொண்டுவந்து எனக்கு முன்னால் வைத்தார், ஒரு தட்டில் ரோல்ஸும். கோப்பியில் நான் முந்திக் குடிக்கிற மாதிரி மூன்று சீனி. எனக்குச் சீனி வருத்தம் வந்து இரண்டு வருடம். அவருக்கு அது எப்படித் தெரியும்? முழுக்கக் குடித்தேன்.

அப்போது மனைவி எனக்குப் போன் அடித்தாள்.

"வெண்டனீங்களோ?"

"இல்லை. உம்மட அண்ணை வெண்டிட்டார்."

"அவரைக் கண்டனீங்களோ?"

"முன்னாலதான் இருக்கிறார். கோப்பி வாங்கித் தந்தவர்."

லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன். பிறகு, "மெலிஞ்சு போனாரோ?" என்று கேட்டாள். அழுகிறாள் என்று தெரிந்தது.

நான் அவரைப் பார்த்தேன். மெலியவில்லை. நல்லாகக் கொழுத்திருந்தார். அதை அவருக்கு முன்னால் சொல்லப் பயந்து, போனை அவரிடம் நீட்டினேன்.

அவர் கையைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு வாங்கினார். "தங்கச்சி" என்றார். அதற்கு மேல் வரவில்லை. பிறகு, வேறு என்ன கதைப்பது என்று தெரியாமலாக்கும், என்னைப் பற்றி முறையிடத் தொடங்கினார். கார்டில் தொடங்கினார். காரை நிற்பாட்டக்கூட இல்லை, எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது என்றார். அதற்கு முந்திய வருடங்களுக்கும் போனார். நடுவில் இரண்டு தடவை கண்ணைத் துடைத்தார். இருபது நிமிடம் சொன்னார், சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. ஓம் ஓம் என்று அவள் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் கேட்பது எனக்கும் கேட்டது. நான் இடையில் ஒரு சொல் சொல்லாமல் ரோல்ஸைத் தின்றுகொண்டு இருந்தேன்.